நீ இறுக்கிவிட்டுப் போன ஆயில் ஃபில்டர்

மாமா,

துணி சோப்பு போட்டு மூன்று முறை தேய்த்தாகிவிட்டது. எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். பல்பொடியைக்கூடப் போட்டுப் பார்த்தேன். பழைய இன்ஜின் ஆயில் வாடை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நெத்திலிக் குழம்பைப் பிசைந்து வாய்ப் பக்கம் கொண்டுபோனால் குழம்பு மணக்கவில்லை, நீதான் மணக்கிறாய். இருபத்து நாலு வருஷம் உன்னைத் தட்டு முன்னாலிருந்து எழுப்பிக் கை கழுவ விரட்டியவள் நான். "கழுவிட்டேன்மே, போவ மாட்டேன்னுது, நான் இன்னா பண்ண" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாய். பொய் சொல்கிறாய் என்றே நினைத்தேன். இன்று தெரிந்துகொண்டேன், நீ கழுவிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

வாடை போகட்டும். உன்னிடம் சொல்லவேண்டிய வேறு விஷயம் இருக்கிறது. அதற்குத்தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தேன்.

நீ கடலுக்குப் போவதை விட்ட பிறகு வாங்கிய நம் குட்டியானை லோடு வண்டிக்கு நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நானே ஆயில் மாற்றினேன். சிரிக்காதே. சாதாரணமாக மாற்றவில்லை, உன் தம்பியிடம் பந்தயம் கட்டி மாற்றினேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் சம்பளத்துக்கு வைத்த டிரைவர் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை கிடைத்தது என்று போய்விட்டார். அதற்குள் நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றி மாதவரம் வரை கொண்டுபோய்க் கொடுக்க ஒத்துக்கொண்டும் விட்டேன். அதைக் கேட்டதும் உன் தம்பி வந்து வாசலில் குந்திக்கொண்டார்.

"வாணாம் அண்ணி. வண்டிய எங்கிட்ட குட்த்துடு. மாதவரத்துல நானே வச்சி ஓட்டிக்கறேன். உனக்கு வரவேண்டியது உனக்கு வந்துகினு இருக்கும்."

"ஏன், எனக்கு ஓட்ட வராதா?"

"ஓட்றது பெரிசில்ல. வண்டின்னா அடியில படுக்கணும். ஆயில் மாத்தணும், அது கயட்டணும், இது மாட்டணும். உன்னால ஆவாது."

எனக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கெயமை சாயங்காலத்துக்குள்ள ஆயில், ஃபில்டர் ரெண்டையும் நானே மாத்தறேன். மாத்தலன்னா சாவிய நீ எட்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். நம் பெண் பக்கத்தில் நின்று என் புடவையை இழுத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்த ஃபில்டரைக் கடைசியாக மாட்டியவன் நீ.

நீ எதையும் சும்மா மூடியவன் இல்லையே. ஊறுகாய் பாட்டில், தேங்காய் எண்ணெய் பாட்டில், தண்ணீர்த் தொட்டி மூடி, குக்கர் கைப்பிடித் திருகு, ஜன்னல் கொக்கி, குழாய் எல்லாம் உன் கை பட்டால் முடிந்தது. குழாயை மூடிவிட்டு நீ வேலைக்குப் போனால் மத்தியானம் தண்ணீர் வரும்போது நான் பாத்திரம் கழுவ அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடவேண்டும். நம் பெண் நாலாவது படிக்கும்போது தண்ணீர் பாட்டிலை நீ மூடிக் கொடுத்தனுப்பினாய். சாயங்காலம் அது அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. டிரில் மாஸ்டர் முயன்று பார்த்தாராம், அவராலும் முடியவில்லை. மறுநாள் அவர் உன்னைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். "போட்டு டிரைவரு சார், விசைப்படகு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். உனக்கு அது பெருமை. நான் திட்டினால், "தொறக்கணும்னா என்னக் கூப்டு, நான் எங்க போய்டப் போறேன்" என்பாய்.

போய்விட்டாய். அப்புறம்தான் எனக்கு வேலை ஆரம்பித்தது. குக்கர் திருகை இடுக்கி போட்டுக் கழற்றினேன். ஊறுகாய் பாட்டில் மூடியை வெந்நீரில் வைத்து, தரையில் தட்டி, துணி சுற்றி ஒரு வழியாகத் திறந்தேன். திறந்த சந்தோஷத்தில் சிரித்தேன், பிறகு அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். ஒவ்வொன்றாக எல்லாம் திறந்தாயிற்று. "அப்பா இன்னும் எத்தினி மூடி போட்டு வச்சிகீறாருமா" என்று நம் பெண் ஒரு நாள் கேட்டாள். எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தோம்.

ஒன்று இருந்தது. டிரைவர் வருஷத்தில் இரண்டு முறை ஆயில் மாற்றினார். ஃபில்டரை மாற்றினாயா என்று கேட்டபோதெல்லாம், "அது நல்லாத்தான் கீதுக்கா" என்றார். அவரால் அதைக் கழற்ற முடியவில்லை என்பதும், சொல்ல வெட்கப்பட்டார் என்பதும் நேற்று அதைத் தொட்டவுடன் எனக்குப் புரிந்தது.

காலையில் தேரடி பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது ஃபில்டரும் ஆயிலும் வாங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிறகு நல்லபடியாகவே சொல்லிக் கொடுத்தார். "ரப்பருக்கு லேசா ஆயில் தடவுங்கம்மா. கையால சுத்துங்க. ரப்பர் போய் உக்காந்தப்பறம் இன்னும் முக்கா சுத்து. அவ்ளோதான். ஸ்பேனர் போடவே கூடாது." உன்னைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியை நடைபாதை மேட்டில் ஒரு பக்கமாக ஏற்றி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். அடியில் இருக்கும் ஆயில் போல்ட்டும் உன் கைவரிசைதான். ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் குழாயைச் சொருகி, காலால் உதைத்தேன். இரண்டாவது உதையில் விட்டது. மீன் கழுவும் பெரிய பேசினில் ஆயில் கறுப்பாக இறங்கியது. ஏதோ கடலையே தாண்டிவிட்டதுபோல நம் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது சின்ன வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

ஃபில்டரைக் கையால் பிடித்தேன். அசையவில்லை. துணி சுற்றிப் பிடித்தேன். உப்புத்தாள் சுற்றிப் பிடித்தேன். நம் பெண் போனில் யாரோ ஒருவர் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னாள். அந்த ஆள் இரண்டு விரலால் கழற்றுகிறாராம். "அவரு ஃபில்டர உங்கப்பன் மாட்டல" என்றேன். மத்தியானம் ஆயிற்று. என் தோள்பட்டை இற்றுப்போயிற்று. படுத்தபடியே உன்னைத் திட்டினேன், மாமா. ஒன்றரை வருஷமாக உன்னை நினைத்து அழத்தான் செய்திருக்கிறேன். நேற்றுத்தான் வாய் நிறையத் திட்டினேன். மனசு லேசாக இருந்தது.

மூன்று மணிக்கு உன் தம்பி வந்தார். சாவியை வாங்கிப் போகத்தான் வந்தார். ஆனால் நான் வண்டிக்கடியில் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் சாவியை மறந்துவிட்டு அவரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார். பந்தயம் என்னோடது, தள்ளு என்றேன். காதில் வாங்கவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஃபில்டரின் வயிற்றில் ஒரே குத்தாகக் குத்தி, அதைக் கைப்பிடியாக வைத்துத் திருப்பினார். ஃபில்டர் திரும்பவில்லை. தகரம்தான் இங்கிருந்து அங்கே வரை கிழிந்தது. உள்ளே தேங்கியிருந்த ஆயில் முழுக்க அவர் மூஞ்சியில் கொட்டியது. நம் பெண் போனை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இனிமேல் பழைய ஃபில்டரை வைத்தும் வண்டி ஓட்ட முடியாது. இது கழன்று வந்தால்தான் விடிந்தால் வண்டி கிளம்பும். கழலவில்லை என்றால் மீன் பெட்டிக்காரர்கள் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார்கள், சாவியும் மாதவரத்துக்குப் போய்விடும்.

"அப்பவே சொன்னேனே அண்ணி, பேஜாரு புட்ச்ச வேல இது" என்றார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பேஜாரு பண்ணது நீ."

டீ வாங்கி வரச் சொன்னேன். மூவரும் நடைபாதையில் உட்கார்ந்து குடித்தோம். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் நின்றுகொண்டிருந்தன. ஒரு லாரி கிளீனர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் வச்சிகீறாங்களா" என்று கேட்டுப் போனார். நான், "இவங்கண்ணன் கையே வெல்டிங்தான். கைல பலம் கீதுன்னு ஊருக்கே காட்டணும் அவருக்கு" என்றேன். எப்போதும் சொல்வதுதான். உன் தம்பி சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"பலத்தக் காட்றதுக்கு இல்ல அண்ணி. பயம்."

அதன் பிறகு அவர் சொன்னதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

நம் பெண் குழந்தையாக இருந்தபோது நீயும் உன் தம்பியும் வேலை செய்த படகு கடலில் நின்றுபோய், இரண்டு நாள் கழித்து பழவேற்காட்டுப் பக்கமிருந்து இன்னொரு படகு உங்களை இழுத்துக்கொண்டு வந்ததே. அந்த இரண்டு நாளும் நான் கரைக் கல் மேல் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து இறங்கியதும், "டீசல் தீந்துபோச்சிமே" என்றாய். அழுகையெல்லாம் கோபமாகிவிட்டது எனக்கு. டீசல் பார்க்காமல் கடலுக்குப் போகும் டிரைவரும் உண்டா என்று கரையில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அன்றோடு விட்டேனா? கல்யாண வீட்டில் சொன்னேன், மார்க்கெட்டில் சொன்னேன். நீ வெளியூர் கிளம்பினால் "டீசல் கீதா பாரு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய்.

"டீசல் முக்கா டேங்கு இருந்திச்சி அண்ணி" என்றார் உன் தம்பி. "ஆயில் ஃபில்டருதான் லூசாயி ஆயில் மொத்தமும் ஊத்திகிச்சி. அண்ணன் வாட பாத்து இன்ஜின நிறுத்தினாரு, இல்லன்னா இன்ஜினே காலி ஆயிருக்கும். முந்தின நாள் அந்த ஃபில்டர மாட்டினவன் நான். கையால மாட்டினேன். அப்போ எனக்கு நிச்சயம் ஆயி பத்து நாளு. ஓனருக்குத் தெரிஞ்சா என்னை எந்தப் போட்லயும் ஏத்த வுடமாட்டாரு. அண்ணன்தான், இஸ்துகினு வந்த போட்டுக்கே இருந்த டீசல ஊத்திக் குட்த்துட்டு, டீசல் தீந்துச்சின்னு சொல்லிக்கலாம்டான்னாரு. உங்கிட்டகூட சொல்லக்கூடாதுன்னாரு. நீ வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டன்னாரு."

அது உண்மைதான். இருந்திருக்க மாட்டேன்.

"அதுக்கப்பறம்தான் அவரு எதத் தொட்டாலும் அப்டி முறுக்க ஆரம்பிச்சாரு. நீ வண்டி ஓட்டப் போறேன்னதும் எனக்கு அந்த நெனப்புதான் வந்துகினே இருந்திச்சி. எதனா ஒண்ணு லூசா இருந்து நீ நடு ரோட்ல நின்னீன்னா, நான் அண்ணனுக்கு இன்னா பதில் சொல்றது" என்றார். வண்டி மேல் ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மாமா. நம் வீட்டு ஆண்கள் எதையும் வாயைத் திறந்து சொல்வதில்லை. பாட்டிலைப் போலவே நீங்களும்.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. வெறி வந்தது. இந்த ஃபில்டரை இன்று கழற்றியே தீருவேன் என்று எழுந்தேன். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் நாங்கள் விலாங்கு வந்தால் என்ன செய்வோம்? விலாங்கு வழுக்கும், எந்தப் பிடிக்கும் நிற்காது. கையில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடித்தால் அசையாமல் நிற்கும். காலையிலிருந்து எண்ணெய் வழியும் தகரத்தோடு வெறும் துணியை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எதிர்வீட்டில் வெந்நீர் அடுப்பிலிருந்து ஒரு முறம் சாம்பல் வாங்கி வந்தேன். கிழியாமல் மிச்சமிருந்த அடிப்பாகம் முழுக்கப் பூசினேன். உன் பழைய வலைக்கயிற்றையும் சாம்பலில் புரட்டி எடுத்து, அந்த இடத்தில் நாலு சுற்று இறுக்கமாகச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு சின்ன இரும்புக் குழாயில் முடிந்தேன்.

"கயிறு அறுந்துரும் அண்ணி."

"உங்கண்ணன் கயிறு. அறாது."

குழாயை இழுத்தேன். கயிறு நழுவவில்லை, சாம்பல் கவ்விக்கொண்டது. இன்னும் இழுத்தேன். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது, கையில் ஒரு நூல் அளவு அசைவு தெரிந்தது. அவ்வளவுதான், பிறகு கையாலேயே சுற்றினேன். கழன்று என் மார்பு மேல் விழுந்தது. நீ இறுக்கியதில் கடைசியாக மிச்சமிருந்தது அது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். வெளியே இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கஷ்டமாகவும் இருந்தது.

புது ஃபில்டரை மாட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். மீன் வயிற்றைக் கழுவிய பிறகு உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம்தான், வேறொன்றுமில்லை. விரலில் ஏதோ தடுக்கியது. நகத்தால் நெம்பினேன். கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் கையோடு வந்தது. பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தேன், அதில் வளையம் இல்லை. நீ இறுக்கிய இறுக்கத்தில் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டிருக்கிறது.

வெளியே வந்து உன் தம்பியிடம் நீட்டினேன். "இத எடுக்காம இதுமேலயே புதுச மாட்டியிருந்தா?"

அவர் வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ரப்பர் மேல ரப்பர் நிக்காது. இன்ஜின் ஆட்டத்துல நழுவிடும். ஆயில் ஊத்திக்கும்" என்றார். பிறகு மெல்ல, "அன்னிக்கு நான் பயைய ரப்பரு அங்க ஒட்டிகினு கீதான்னு பாக்கவேயில்ல அண்ணி. கயட்டினேன், மாட்டினேன்" என்றார். அடுத்த மாதமே நீங்கள் இருவரும் வேறு படகுக்கு மாறிவிட்டீர்களாம். அந்த ஃபில்டரைத் திரும்பக் கழற்றிப் பார்க்க உங்களுக்கு வாய்க்கவில்லை. இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் இதுவாகத்தான் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது. கை இறுக்கம் பத்தாமல் போய் அது லூசாகவில்லை, மாமா. அத்தனை வருஷம் நீ வீட்டிலிருந்த மூடியையெல்லாம் வீணாக முறுக்கியிருக்கிறாய். அந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் வந்தாளே.

நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு உன் தம்பி சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நம் பெண் எங்களைப் பார்த்து, "இன்னாத்துக்கு இப்போ அழுவுறீங்க, ஆயில் ஊத்துங்க" என்றாள்.

புது ஃபில்டரைக் கையால் சுற்றினேன். ரப்பர் போய் உட்கார்ந்தது. இன்னும் முக்கால் சுற்று. கையை எடுத்துவிட்டேன். உன் தம்பி ஸ்பேனரை நீட்டினார். "ஒரே ஒரு சுத்து அண்ணி. எம் மனசுக்கு."

"வாணாம்" என்றேன். "நாளைக்கு நானும் இல்லன்னா இவ வந்து கயட்டணும். அவளால முடியணும்."

அவர் ஸ்பேனரைப் பையில் வைத்துவிட்டார். சாவியைப் பற்றிப் பேசவேயில்லை. ஆனால் இன்று விடிந்ததும் மாதவரத்திலிருந்து வந்து என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். காசிமேட்டில் பெட்டி ஏற்றும்போது ஏலம் எடுக்கும் அம்மா ஒருத்தி, "இன்னாமே, டீசல் பாத்துகினியா, உம்புருசன் மாரி நிக்கப் போற" என்று சத்தமாகக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த சிரிப்புதானே அது. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உன் தம்பி கீழே இறங்கினார். "அன்னிக்கு டீசல் இருந்திச்சிக்கா. ஃபில்டர ஒயுங்கா மாட்டாதது நானு. எங்கண்ணன் எனக்காக வாங்கிக் கட்டிகினாரு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். பிறகு அந்த அம்மாதான் ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

நான் உன்னைக் கேலி செய்ததை இனி எங்கே போய் எடுப்பது? எடுக்க முடியாது. தப்பு என்னுடையதுதான், மாமா. நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன், அதுவும் நிஜம்.

உன் இறுக்கம் எனக்கு வரவில்லை, வேண்டாம் என்றும் விட்டுவிட்டேன். ஆனால் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் என் உடம்பு தானாகக் குனிந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கை ஊன்றி அடியில் தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நாளைக்கும் பார்ப்பேன், ஓட்டுகிற நாள் வரை பார்ப்பேன். அந்த அளவு பயம் எனக்குப் போதும். மிச்சத்தையெல்லாம் நீ ஒருத்தனே இத்தனை வருஷம் சுமந்துவிட்டாய்.